சிக்லிட் ஜோடி சேர்ப்பு: தடுப்பை எப்போது எடுக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மாடியில் வண்ணமீன் குஞ்சு உற்பத்தி செய்து சம்பாதிப்பது பற்றிச் சுயதொழில் பகுதியில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. தொட்டி, தீவனம், விற்பனை எல்லாவற்றுக்கும் விவரம் இருக்கும். இனப்பெருக்கம் என்று வரும்போது மட்டும், 'நன்கு வளர்ந்த ஆண், பெண் மீன்களைத் தேர்ந்தெடுத்து ஒரே தொட்டியில் விட வேண்டும்' என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடுகிறது. கப்பி, மோலி, பிளாட்டிக்கு அந்த வரி போதும். சிக்லிட் குடும்பத்து மீன்களுக்கு அதுவே ஆபத்து. அதை நம்பி எட்டு அங்குல ஃப்ளவர்ஹார்ன் ஆணோடு ஐந்து அங்குலப் பெண்ணை மாலையில் விட்டவர், மறுநாள் காலையில் வால் கிழிந்து, செதில் உதிர்ந்து, ஒரு கண் போன நிலையில் பெண்ணை மூலையிலிருந்து எடுக்க வேண்டிவரும். பல நேரம் செத்தே கிடக்கும்.

ஆஸ்கர், ஏஞ்சல், டிஸ்கஸ், ஃப்ளவர்ஹார்ன், டெக்சாஸ், கன்விக்ட், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் எல்லாம் சிக்லிட்டுகளே. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் ஏரி குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் ஜிலேபி கெண்டையும் அதே குடும்பம்தான். முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது இவற்றின் இயல்பு. காவலுக்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்குள் வருகிற எதையும் அடித்து விரட்டுவதும் அதே இயல்பின் மறுபக்கம். வளர்ந்த ஆண், தான் இருக்கும் தொட்டி முழுவதையும் தன் இடமாகவே வைத்திருக்கிறது. அங்கே திடீரென்று வந்து விழும் பெண் அதற்கு முதலில் ஓர் அத்துமீறல். துணையா இல்லையா என்பது பிறகு.

ஆறுகளிலும் ஏரிகளிலும் இதே துரத்தல் நடந்தாலும் சாவு குறைவு. சினை பழுக்காத பெண் பத்தடி நீந்திப் போய்விட்டால் ஆண் விட்டுவிடும். நாலடித் தொட்டியில் அந்தப் பத்தடி இல்லை. ஆண் முட்டைக்குத் தயார், பெண் தயாராக இல்லை, ஓடவும் வழியில்லை: பெரும்பாலான சாவுக்கு இந்த மூன்றும் சேர்ந்ததே காரணம். கடைக்காரர் சொல்வதுபோல 'கோபக்கார மீன்' என்பதால் அல்ல. இந்த மூன்றில் ஒன்றையாவது மாற்றுவதற்குத்தான் கீழே சொல்லும் வேலையெல்லாம்: தொட்டியின் நடுவே தடுப்பு வைத்து, இரண்டையும் இருபுறமும் விட்டுப் பழக்கி, பெண் தயாரான பிறகே தடுப்பை எடுப்பது. இதில் பெரும்பகுதி ஃப்ளவர்ஹார்ன், டெக்சாஸ், ரெட் டெவில், ஜாக் டெம்ப்சி, கன்விக்ட் போன்ற மத்திய அமெரிக்க வகைகளுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் உரியது. சண்டை அங்கேதான் அதிகம். மற்றவற்றைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில் இரண்டும் ஆணும் பெண்ணும்தானா என்று பார்க்க வேண்டும். இதில் தவறினால் மீதி எல்லாம் வீண். ஃப்ளவர்ஹார்னில் தலைக் கொண்டையை வைத்து ஆண் என்று விற்கிறார்கள். கொண்டை உள்ள பெண்ணும் உண்டு, கொண்டை எழாத ஆணும் உண்டு. நிறத்தை வைத்தோ துடுப்பு நீளத்தை வைத்தோ ஆஸ்கரைப் பிரிக்கவே முடியாது. நம்பக்கூடியது வயிற்றுப்புறத் துளைகள்தான். ஈர வலையில் மீனைத் தூக்கி, நனைத்த கையால் மல்லாக்கப் பிடித்துச் சில நொடிகள் பார்த்தால் போதும். முன்னால் இருப்பது மலத்துளை. அதற்குப் பின்னால், வால் பக்கமாக உள்ள துளை ஆணுக்குச் சிறியதாக, கூராக இருக்கும். பெண்ணுக்கு அகலமாக, வளைந்து, மலத்துளையை விடப் பெரியதாக இருக்கும். மூன்று அங்குலத்துக்குக் குறைவான மீனில் இதைப் பார்த்து முடிவு சொல்பவர் ஊகிக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கன்விக்டில் இந்தத் தொல்லை இல்லை. வளர்ந்த பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறச் செதில்கள் தெரியும், ஆணுக்கு அது கிடையாது. சிக்லிட் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் கன்விக்டில் தொடங்குவது நல்லது. விலை குறைவு, மூன்றடித் தொட்டி போதும், பெரிய மீனில் செய்யப்போகும் தவறுகளை எல்லாம் இதில் செய்து பார்த்துவிடலாம். குஞ்சுகளுக்கு வாங்குபவர் கிடைக்காமல் போவதுதான் இதில் ஒரே சிக்கல். மிஞ்சினதை ஏரியில் விடுவது மட்டும் கூடாது. ஜிலேபி கெண்டை ஒன்றே போதும்.

அளவு அடுத்தது. பெண் ஆணின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். ஆண் எட்டு அங்குலம் என்றால் பெண் ஐந்தரை, ஆறு. அதைவிடச் சிறிய பெண்ணுக்கு முட்டையிடும் வயது வந்திருந்தாலும், ஆணின் ஒரு மோதலைத் தாங்கும் உடம்பு இருக்காது. அதனால் வாங்கும்போதே ஆணை விட ஆறு மாதம் மூத்த பெண்ணாகப் பாருங்கள். பெண் மெதுவாக வளர்வதால் அளவு சரியாக வரும்.

வாங்கி வந்த மீனை அன்றே தடுப்புத் தொட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. மூன்று வாரம் தனித்தொட்டி. வெள்ளைப் புள்ளி நோய் சில நாளில் தெரிந்துவிடும். குடல் ஒட்டுண்ணி வெண்மையான நூல் போன்ற கழிவில் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். நோயுள்ள பெண் ஆணின் முதல் துரத்தலிலேயே சுருண்டுவிடும். 'ஆண் கொன்றுவிட்டது' என்று எழுதப்படும் கணக்கில் பாதி உண்மையில் இந்த வகைதான் என்று தோன்றுகிறது.

இந்த மூன்று வாரம்தான் தேற்றும் காலமும். இரண்டுக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே தண்ணீர், ஒரே தீவனம். தரமான பெல்லட் காலையில், உரித்த இறால் துண்டோ உறைய வைத்த ரத்தப்புழுவோ மாலையில். மண்புழு கிடைத்தால் வாரம் இரண்டு முறை. மாட்டிதயம் கொடுப்பவர்கள் உண்டு. அடிக்கடி கொடுத்தால் கொழுப்பு சேர்ந்து பெண்ணுக்குச் சினை கெடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. பெண்ணுக்கு ஆணை விடச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம். வயிறு பக்கவாட்டில் அல்லாமல் கீழ்நோக்கி உருண்டு, பின்பகுதி நிறைந்து தெரிந்தால் சினை ஏறுகிறது என்று பொருள். உண்டதால் வந்த வயிறு முன்பக்கம் தெரியும், மறுநாள் வற்றிவிடும்.

தொட்டிக்கு வருவோம். ஃப்ளவர்ஹார்ன் அளவுள்ள மீனுக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது குறைந்தபட்சம். ஒன்பது கன அடி, ஏறக்குறைய 250 லிட்டர். உயரத்தைக் கூட்டுவதால் பயனில்லை. ஓடுவதற்குத் தேவை நீளமும் அகலமும். இடம் இருந்தால் ஆறடி போடுங்கள், பாதிப் பிரச்சினை காசோடு தீர்ந்துவிடும். வெப்பநிலை 27 முதல் 29 டிகிரி செல்சியஸ். சென்னையில் மார்கழி, தை தவிர ஹீட்டர் தேவைப்படாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டி 32ஐத் தாண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனின் வேகமோ கூடும். அந்த நாட்களில் ஜோடி சேர்க்கும் வேலையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். மின்தடைக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

தடுப்பைத் தயார்ப்படுத்துவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தொட்டிக்குள் குறுக்கே கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அடியில் இரண்டு கல்லை முட்டுக்கொடுத்தால் போதாது. எட்டு அங்குல ஆண் அடியில் தோண்டித் தோண்டி இரவோடு இரவாக அந்தக் கல்லை நகர்த்திவிடும். முன், பின் கண்ணாடிகளில் 5 மில்லிமீட்டர் கண்ணாடிப் பட்டைகளை இரண்டிரண்டாக சிலிகானில் ஒட்டி, தடுப்பு மேலிருந்து கீழே இறங்கும்படி காடி அமைக்க வேண்டும். சிலிகான் காய ஒரு வாரம் விட்டுப் பிறகு தண்ணீர் நிரப்புங்கள். தடுப்பு அடிக்கண்ணாடியில் நேராக உட்கார வேண்டும், மணலின் மேல் அல்ல. மேலே தண்ணீர் மட்டத்தை விட இரண்டு அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும், அதற்கு மேல் மூடியும் வேண்டும். தடுப்பைத் தாண்டிக் குதிப்பது சிக்லிட்டுக்குப் பெரிய காரியம் இல்லை.

எதில் செய்வது? முழுக் கண்ணாடி என்றால் ஒன்றையொன்று பார்க்கலாம், ஆனால் தண்ணீர் கலக்காது. பெண் சினைக்கு வந்திருப்பது ஆணுக்குக் கண்ணால் மட்டும் தெரிவதில்லை, தண்ணீரில் கலக்கும் வாசனையாலும் தெரிகிறது. அதனால் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு மேல். ஓட்டை 5, 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடும் கட்டம் கட்டமான வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். மலிவு, வெட்டுவது சுலபம். ஆனால் அந்தக் கட்டத்தின் வழியே இரண்டும் உதட்டைக் கவ்விக்கொண்டு இழுத்தால் உதடு பிய்ந்து தொங்கும். தட்டிதான் போடுவேன் என்பவர் முதல் வாரம் அதன்மேல் மெல்லிய நைலான் வலையைக் கட்டிவிட வேண்டும். இரண்டு பக்கத்திலும் தனித்தனி ஸ்பாஞ்ச் பில்டர் இருக்கட்டும்.

யாரை முதலில் விடுவது என்பதற்கு ஒரே பதில்: இரண்டுக்கும் புதிய தொட்டி என்றால் சிறப்பு, இல்லையென்றால் பெண்ணை முதலில். பெண் ஐந்தாறு நாள் அந்தத் தொட்டியில் உலவி, ஒளியும் இடம் தெரிந்து, தீவனம் எடுக்கத் தொடங்கிய பிறகு ஆணைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விட வேண்டும். ஆணின் பழைய தொட்டியிலேயே செய்ய வேண்டிய கட்டாயம் என்றால், ஆணை ஒரு வாரம் வேறு தொட்டிக்கு மாற்றி, கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி, பாதிக்கு மேல் தண்ணீரையும் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பெண் பக்கத்தில் இரண்டு ஒளிவிடம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் உள்ள மண்சட்டி ஒளிவிடம் அல்ல, பொறி. ஆண் வாசலில் நின்றுகொண்டால் பெண் வெளியேற முடியாது. அடைப்பில்லாத பிவிசி குழாய்த் துண்டு, பெண் மட்டும் நுழையும் அளவு விட்டத்தில், இருபுறமும் திறந்தபடி போட்டால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. முட்டையிட ஒரு சமதளம் வேண்டும்: கவிழ்த்த பூந்தொட்டி, கடப்பைக்கல் துண்டு, பளபளப்பில்லாத தரை ஓடு, எதுவானாலும் சரி. அதைத் தடுப்பை ஒட்டிப் பெண் பக்கம் வையுங்கள்.

இனி எத்தனை நாள் என்ற கேள்வி. நாட்கணக்கு பார்க்கக் கூடாது. சில ஜோடி ஒரு வாரத்தில் வழிக்கு வரும், சிலது ஒரு மாதம் எடுக்கும். முதல் இரண்டு நாள் ஆண் தடுப்பில் மோதிக்கொண்டே இருக்கும், அது வழக்கம்தான். நான்காம் ஐந்தாம் நாளும் அதே மோதல், பெண் துடுப்பை மடக்கி, நிறம் வெளுத்து, தண்ணீர் மட்டத்தில் பில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, தீவனம் எடுக்காமல் இருந்தால் இடையில் அட்டை ஒன்றை வைத்துப் பார்வையை மறைத்துவிட்டு, நான்கு நாள் கழித்து மீண்டும் காட்டுங்கள். நல்ல அறிகுறிகள் வேறு மாதிரி. இரண்டும் தடுப்பின் இருபுறமும் பக்கவாட்டில் நின்று உடம்பை நடுக்கும். தலையைச் சொடுக்கும். நிறம் ஏறும். ஒரே இடத்தில் இருபக்கமும் குழி தோண்டும், கல்லை வாயால் துடைக்கும். பெண் ஓடி ஒளியாமல் தடுப்புக்கு அருகிலேயே தங்கும். கடைசியில், பெண்ணின் வயிற்றடியில் முட்டையிடும் மழுங்கிய வெண்குழல் இறங்கும், ஆணுக்குக் கூரான சிறு குழல் தெரியும். குழல் இறங்கிய பெண் பொதுவாக ஓரிரு நாளில் முட்டையிட்டுவிடும். தடுப்பை எடுக்க அதுவே நேரம். ஆணுக்கு மட்டும் குழல் தெரிவதை வைத்து எடுக்கக் கூடாது. அந்த நிலைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

ஃபைட்டர் மீனுக்குப் பெண்ணைப் பாட்டிலில் வைத்து ஆணுக்குக் காட்டி, பெண்ணின் உடம்பில் கோடு ஏறிய பிறகு திறந்துவிடும் பழக்கம் நம் வளர்ப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஃபைட்டருக்குக் கொடுக்கிற அந்தப் பொறுமையைப் பத்து மடங்கு விலையுள்ள ஃப்ளவர்ஹார்னுக்கு ஏன் கொடுப்பதில்லை என்பது புரியாத விஷயம்.

ஆண் பெண்ணை விடத் தெளிவாகப் பெரியதாக இருந்தால் தடுப்பை எடுக்காமலே இன்னொரு வழி உண்டு. தடுப்பின் கீழ் மூலையில் பெண் நுழையக்கூடிய, ஆண் நுழைய முடியாத ஒரு வாசல் வெட்டிவிடுவது. பெண் தனக்கு விருப்பமானபோது ஆண் பக்கம் போகும், அடி விழுந்தால் திரும்பி வந்துவிடும். வாசலின் விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் நுழையும்போது பக்கச் செதில் உரியும். தயாரில்லாத பெண்ணை இந்த முறை காப்பாற்றிவிடுகிறது என்பதால், வேலைக்குப் போகிறவர்களுக்கு இதையே சொல்வோம்.

எதற்கும் அடங்காத ஆண் என்றால் கட்டத் தட்டியின் வழியாகவே கருவுறச் செய்யலாம். முட்டைக் கல் தட்டியை ஒட்டியிருக்க வேண்டும். ஆண் பக்கத்திலிருந்து பெண் பக்கம் மெல்லிய நீரோட்டம் போகும்படி சிறு பவர்ஹெட்டையோ (தண்ணீருக்குள் வைக்கும் பம்ப்) ஏர் ஸ்டோனையோ வைத்தால், ஆண் தட்டிக்கு அருகே விடும் விந்தில் ஒரு பகுதி முட்டைக்குப் போய்ச் சேரும். எல்லா முட்டையும் கருவுறாது. ஆயிரம் முட்டையில் இருநூறு தேறினாலும் செத்த பெண்ணை விட அது லாபம்தானே.

தடுப்பை எடுக்கும் நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும். காலையில், தீவனம் கொடுத்து அரை மணி நேரம் கழித்து, விளக்கைக் குறைத்துவிட்டு எடுங்கள். முந்தைய நாள் முப்பது சதவீதத் தண்ணீரை, குளோரின் போன, ஓரிரு டிகிரி குளிர்ச்சியான தண்ணீரால் மாற்றியிருந்தால் முட்டையிடும் தூண்டுதலும் கிடைக்கும். வலையும் தடுப்பும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் தொட்டி முன்னால் உட்கார முடியாதவர் அன்று எடுக்கவே கூடாது. இரவு படுக்கப் போகுமுன் எடுப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

எது சண்டை, எது கூடல் என்று பிரிப்பது முதல்முறை பார்ப்பவருக்குக் கடினம். இரண்டும் எதிரெதிரே வாயைக் கவ்விக்கொண்டு இழுத்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் சமமாக இழுக்கின்றனவா என்று பாருங்கள். வால் வீச்சு, சிறு துரத்தல், பெண் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பக்கவாட்டில் காட்டுவது, எல்லாம் சரி. பெண் நிற்காமல் ஓடுகிறது, ஆண் நிறுத்தாமல் பின்தொடர்கிறது, வயிற்றடியையும் கண்ணையும் குறிவைத்துக் கடிக்கிறது, பெண் மேல்மட்ட மூலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் உடனே ஆணைத்தான் பிடிக்க வேண்டும். பெண்ணைப் பிடித்து வெளியே எடுத்தால் தொட்டி முழுவதும் ஆணுக்கே என்று உறுதியாகிவிடும், அடுத்த முயற்சி இன்னும் கெடும். ஆணைப் பிடித்து அதன் பக்கம் விட்டு, தடுப்பை இறக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் சரியாகப் போனாலும் இரவுக்குத் தடுப்பைத் திரும்பப் போட்டுவிட்டு, மறுநாள் தொடர்வது நல்லது. குழல் இறங்கிய பெண் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

காயம்பட்ட பெண்ணுக்குப் பெரிய மருந்து எதுவும் தேவையில்லை. தனித்தொட்டி, மங்கிய வெளிச்சம், நல்ல காற்று, லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கல் உப்பு, தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றம். மாற்றும் தண்ணீருக்கு மட்டுமே உப்பைச் சேர்க்க வேண்டும். முழுத் தொட்டிக்கும் தினம் போட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வால் சில வாரங்களில் முளைத்துவிடும். காயத்தின் மேல் பஞ்சு போல வெள்ளை படர்ந்தால்தான் மருந்துக் கடைக்குப் போக வேண்டும்.

நன்றாக இருந்த ஜோடி திடீரென்று அடித்துக்கொள்வதற்கும் காரணங்கள் உண்டு. தனியாக, எதிரியே இல்லாமல் வைத்திருப்பது அதில் ஒன்று. ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: விரட்டுவதற்கு அண்டை மீன் இல்லாத தொட்டியில் ஆண் சிக்லிட் தன் துணை மீதே பாய்கிறது. அவர் சொன்ன உதாரணங்களில் ஒன்று நம் உப்பங்கழிகளில் வாழும் ஆரஞ்சு குரோமைடு. வளர்ப்பாளர்கள் அனுபவத்தில் கண்டதும் இதுவே. பக்கத்துத் தொட்டியில் இன்னொரு ஆணை வைத்து, இடையில் இருக்கும் கண்ணாடி வழியே தெரியும்படி விட்டால், ஜோடி இரண்டும் சேர்ந்து அதை முறைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே அடிதடி குறையும். முறைப்பு அளவு மீறி, தீவனமே எடுக்காமல் கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தால் பாதிக் கண்ணாடியை அட்டையால் மறையுங்கள்.

இன்னொரு காரணம் நாமே உண்டாக்குவது. முட்டை ஒட்டிய தரை ஓட்டை எடுத்து வேறு தொட்டியில் பொரிக்க வைப்பது வியாபாரிகளின் வழக்கம். முட்டை காணாமல் போனதும் ஆண் அடுத்த முட்டைக்குத் தயார். பெண்ணோ காலி வயிறு. அன்றிரவே பெண் அடிபடும். எனவே முதலில் தடுப்பை இறக்குங்கள், பிறகு தரை ஓட்டை எடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பெண்ணுக்கு மூன்று நான்கு வாரம் ஓய்வும் நல்ல தீவனமும் கொடுத்த பிறகே மறுபடி காட்ட வேண்டும். எடுத்த ஓட்டுக்கு அருகே ஏர் ஸ்டோன் ஓடட்டும். பூஞ்சைத் தடுப்புக்கான மெதிலீன் புளூ, முட்டை கண்ணுக்குத் தெரியும் அளவு இளநீலமாக இருந்தால் போதும். 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரியும். அடுத்த நான்கைந்து நாள் குஞ்சின் உடம்போடு ஒட்டியிருக்கும் மஞ்சள்கருவே அதற்கு உணவு. நீந்தத் தொடங்கியதும் ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சு. ஒரு நாளில் மொத்த முட்டையும் வெளுத்துவிட்டால் ஆண் மலடாக இருக்கலாம். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவான ஃப்ளவர்ஹார்னில் மலட்டு ஆண்கள் ஏராளம். சிவப்புப் பேரட் என்ற இன்னொரு கலப்பினத்தில் ஆண்கள் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டு மூன்று முறை இட்ட முட்டையும் இப்படி மொத்தமாக வெளுத்தால் ஆணை மாற்றுங்கள், தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

மலாவி ஏரி மீன்களுக்கு ஜோடி என்ற கணக்கே பொருந்தாது. ஒரு ஆணுக்கு ஒரு பெண் என்று விட்டால் அந்த ஒரு பெண் அத்தனை துரத்தலையும் தாங்க வேண்டும். ஒரு ஆணுக்கு நான்கைந்து பெண். பெண்கள் எல்லாம் ஒன்றாக, ஒரே நாளில், ஆண் இல்லாத தொட்டியில் போக வேண்டும். ஆண் கடைசியாக, விளக்கணைத்த பிறகு. பெண் முட்டையை வாயில் வைத்து மூன்று வாரம் போலப் பட்டினி கிடக்கும். தாடை புடைத்த பெண்ணை இரண்டாம் வாரத்தில் மெதுவாகத் தனித்தொட்டிக்கு மாற்றலாம். முதல் சில நாளில் வலை போட்டால் முட்டையைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். பீகாக் வகைகளில் பெண்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு வகையை ஒரே தொட்டியில் போட்டால் கலப்படக் குஞ்சுதான் கிடைக்கும்.

ஏஞ்சல், டிஸ்கஸ் வாங்குபவர் வளர்ந்த ஆணையும் பெண்ணையும் தேடி அலைய வேண்டாம். ஆறு அல்லது எட்டு குட்டிகளாக வாங்கி வளர்த்தால் அவையே ஜோடி பிரிந்துகொள்ளும். இவற்றில் சாவு அரிது, ஏமாற்றம் அதிகம்: இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி சேர்ந்து ஒழுங்காக முட்டையிட்டுக் காவலும் காக்கும், ஒன்றும் பொரியாது. கடினமான போர்வெல் தண்ணீர் மத்திய அமெரிக்க, மலாவி மீன்களுக்குக் குறையில்லை. டிஸ்கஸ் முட்டைக்கு ஆகாது, ஆர்ஓ தண்ணீர் கலக்க வேண்டும். டிஸ்கஸ் குஞ்சு முதல் நாட்களில் பெற்றோரின் தோல் சுரப்பைத் தின்று வளர்வதால் அதைப் பிரித்து வளர்ப்பதும் எளிதல்ல. அபிஸ்டோகிராமா என்ற குள்ள சிக்லிட்டில் கதை தலைகீழ். முட்டையிட்ட பெண், தன்னைவிடப் பெரிய ஆணைச் சிறு தொட்டியில் அடித்தே கொன்றுவிடும். அங்கே வெளியே எடுக்க வேண்டியது ஆணைத்தான். நம் ஊர்ப் பேர்ல்ஸ்பாட், கேரளத்தில் கரிமீன் என்பார்களே, அதில் ஆண் பெண் வேற்றுமை வெளியே தெரியாது. குழுவாக விட்டுத் தானாகச் சேரவிடுவதே முறை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதன் குஞ்சு உற்பத்தியில் வேலை செய்திருக்கிறது. ஆர்வமுள்ளவர்கள் அங்கே கேட்கலாம்.

வளர்ந்த மீன்களை 'ஜோடி' என்று விலை சொன்னால், இரண்டும் ஒரே தொட்டியில், இடையில் தடுப்பு இல்லாமல் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். முட்டையோடோ குஞ்சோடோ இருந்தால் கேட்ட விலை நியாயம்தான். அப்படி வாங்கிய ஜோடிகூட வீட்டுத் தொட்டியில் விட்டதும் முதல் நாள் அடித்துக்கொள்ளலாம். இடம் மாறியதும் பழைய உடன்பாடு போய்விடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டு, தடுப்பைத் தயாராக வைத்திருங்கள்.

மூன்று முறை தடுப்பைத் திறந்தும் சேரவில்லையென்றால் நான்காவது முயற்சி வேண்டாம், துணையை மாற்றிவிடுங்கள். ஒரு பெண்ணைக் கொன்ற ஆண் அடுத்ததையும் கொல்வதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு இன்னொரு பெண்ணை வாங்கிச் செலவழிப்பதை விட, தனித்தொட்டியில் அழகு மீனாக வைத்துக்கொள்ளலாம், அல்லது கட்டத் தட்டி முறையில் மட்டும் பயன்படுத்தலாம்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்பாளர்கள் சிலர்,
கொளத்தூர், சென்னை.